விளம்பரத்தில் 399... வீட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு?

மாலை ஏழரை மணி, ஏனாத்தூர். பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, கலை அறிவியல் கல்லூரி மூன்றும் இந்த வட்டாரத்திலேயே இருப்பதால், வெளியூர்ப் பிள்ளைகள் வாடகைக்குத் தங்கும் மாடி அறைகள் இங்கே நிறைய. மின்கம்பம் மின்கம்பமாகத் தாவி வரும் கறுப்பு ஃபைபர் கம்பி மொட்டைமாடிக் கைப்பிடியில் இரண்டு சுற்று சுற்றி, ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே போகிறது. ஓர் அறையில் நாலு பேர், நாலு செல்போன், ஒரு லேப்டாப், ஒரே மோடம். போட்டித் தேர்வுக்கான ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. ஆசிரியரின் முகம் திரையில் அப்படியே நிற்க, குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. “நெட் சுத்துதுடா, யாராவது வீடியோவை நிறுத்துங்க” என்று ஒருவர் கேட்க, மற்ற மூவரும் போனைக் கீழே வைக்கிறார்கள். அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

அதே நேரம் காஞ்சிபுரம் ஊருக்குள் ஒரு பட்டுக்கடை. கடைப் பையன் முந்தானையை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடிக்க, முதலாளி செல்போனை அருகே கொண்டுபோய்க் காட்டுகிறார். எதிர்முனையில் சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ ஒரு கல்யாண வீடு. கோர்வை போட்டு இணைத்த கரை, கைத்தறியின் நேர்த்தி, ஜரிகையின் மினுக்கு எல்லாமே திரையில் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகின்றன. “கலர் சரியாத் தெரியலை, அப்புறம் பேசறோம்” என்று இணைப்பு துண்டிக்கப்படுகிறது.

இரண்டு இடத்திலும் மாதக் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டியாகிவிட்டது. வீட்டு இணையத்தைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகிறது. எந்தக் கம்பெனி மலிவு, எதில் ஓடிடி சேர்த்துத் தருகிறார்கள், ஆறு மாதம் கட்டினால் எத்தனை நாள் கூடுதல் என்று கேட்கிறோம். தரம் என்பது வசதியுள்ளவர்களின் புகார் என்று ஒதுங்கிவிடுகிறது. விலையையும் தரத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். தேவைப்படும் நேரத்தில் ஓடாத இணைப்பு எவ்வளவு குறைந்த கட்டணத்துக்குக் கிடைத்தாலும் அது விலை கூடிய இணைப்புதான். அந்தக் கூடுதல் விலையை அதிகம் சுமப்பது வருமானம் குறைந்த வீடு. ஒன்று நின்றுபோனால் எடுத்து மாட்ட இன்னொன்று அந்த வீட்டில் இருக்காது.

வருமானத்தில் எத்தனை பங்கு?

முதலில் விலை. 2020 ஆகஸ்ட் கடைசியில் ஜியோஃபைபர் 30 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதம் 399 ரூபாய் என்று அறிவித்ததிலிருந்து, 400 முதல் 500 வரை என்பது வீட்டு ஃபைபரின் அடிப்படை விலை ஆகிவிட்டது. பி.எஸ்.என்.எல். 449-க்கும் ஏர்டெல் 499-க்கும் தங்கள் அடிப்படைத் திட்டங்களைக் கொண்டுவந்தன. இந்தத் தொகைகளில் எதுவும் வீட்டுக்காரர் கட்டும் தொகை இல்லை. 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்போது 399 என்பது 470 ரூபாய் 82 காசு. 449 என்பது 529.82, 499 என்பது 588.82. பட்டுத் துணிக்கு 5 சதவீத வரி விதிக்கும் நாட்டில், பிள்ளையின் படிப்புக்கும் நெசவாளியின் வியாபாரத்துக்கும் வேண்டிய இணைய இணைப்புக்கு 18 சதவீதம் என்பது எந்த நியாயத்தில் அடங்கும் என்று தெரியவில்லை. வரியை விலக்கி 399 என்று பெரிய எழுத்தில் அச்சிடும் வழக்கத்தையாவது முதலில் நிறுத்தலாம்.

இந்தத் தொகை கட்டுப்படியாகுமா என்பதற்கு உலக அளவில் ஒரு வரையறை இருக்கிறது. ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் 2018-இல் வைத்த இலக்கின்படி, அடிப்படை இணையக் கட்டணம் ஒரு நாட்டின் தனிநபர் மாத வருமானச் சராசரியில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாட்டுச் சராசரியை வைத்துப் பார்த்தால் இந்தியா அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் சராசரிக் கணக்கில் ஏழை வீடு மறைந்துபோகும். அதே அளவுகோலை ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் வைத்துப் பார்ப்போம். 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், 31 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறிக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் இருப்பது பதிவாகியிருக்கிறது. அந்த வீட்டின் 2 சதவீதம் 100 ரூபாய். கட்ட வேண்டியது 471. அதாவது வருமானத்தில் 9 சதவீதத்துக்கும் மேல்.

அது நாடு முழுவதுக்குமான கணக்கு, காஞ்சிப் பட்டு நெசவாளி அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிப்பார் என்று மறுப்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்வோம். புருஷனும் மனைவியும் சேர்ந்து தறியில் உட்கார்ந்து மாதம் 15,000 ரூபாய் கூலி எடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. 471 ரூபாய் 2 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் வீட்டு வருமானம் மாதம் 23,500 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். அடுத்த பாவு எப்போது கிடைக்கும் என்று நிச்சயமில்லாத தொழிலில், மாதாமாதம் தவறாமல் கட்ட வேண்டிய தொகை எதுவானாலும் அதன் பாரம் எண்ணைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதோடு முன்பணம் சேருகிறது. கம்பியில்லாமல் வரும் ஜியோ ஏர்ஃபைபர் அறிமுகமானபோது, நிறுவும் கட்டணம் 1,000 ரூபாய் ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டுபவர்களுக்குத் தள்ளுபடி ஆனது. மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்கு மலிவு, மாதாமாதம் கட்டுபவருக்குக் கூடுதல் என்ற இந்த ஏற்பாட்டில் கை காய்ந்தவர்தான் எப்போதும் அதிகம் தருகிறார்.

செல்போன் டேட்டா போதாதா?

இந்த விவாதத்தில் உடனே வரும் மறுப்பு இது. உலகிலேயே மலிவான செல்போன் டேட்டா கிடைக்கும் நாடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு, வீட்டுக்குக் கம்பி எதற்கு? நாட்டு மக்கள் இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள் என்றும் வாதிடலாம். 2024 மார்ச் இறுதியில் இந்தியாவில் இருந்த ஏறத்தாழ 92 கோடி பிராட்பேண்ட் இணைப்புகளில் கம்பி வழி வந்தவை சுமார் 4 கோடிதான். நூற்றுக்கு நாலு.

ஆனால் செலவைக் கூட்டிப் பார்த்தால் கதை மாறுகிறது. 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பிறகு, நாளுக்கு 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239-லிருந்து 299 ரூபாய்க்குப் போனது. 28 நாள் என்பதால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். ஒரு போனுக்கு 3,887 ரூபாய். இரண்டு போன் என்றால் 7,774. ஒரு ஃபைபர் இணைப்புக்கு வருடம் 5,650. வீட்டில் நாலு பேர் டேட்டா போட்டுக்கொண்டால் தனித்தனிச் செலவு 15,000 ரூபாயைத் தாண்டும். ஃபைபர் வந்தாலும் பேசுவதற்கு ஒரு சிறு ரீசார்ஜ் வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். இருந்தாலும் நாலு பேர் உள்ள வீட்டில் இந்த வித்தியாசம் அதை ஈடுகட்டும். மேலும், ஓரளவு தெளிவான வீடியோ ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1 ஜிபி தீர்ந்துவிடும். நாளுக்கு 1.5 ஜிபி என்பது ஒன்றரை மணி நேர வகுப்பு, அவ்வளவுதான். செல்போன் டேட்டாவில் ஒருவருக்கு ஒருநாள் நகர்ந்துவிடும். ஒரு குடும்பம் படிக்கவும் தொழில் செய்யவும் வீட்டுக்கு வரும் இணைப்புதான் வேண்டும். நூற்றுக்கு நாலு என்ற கணக்கை மக்களின் விருப்பம் என்று எடுத்துக்கொள்வது தவறு. கம்பி வராத தெருவும், முன்பணம் கட்ட முடியாத வீடும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன.

— பெட்டிச் செய்தி: ‘பிராட்பேண்ட்’ என்றால் எவ்வளவு வேகம்? —
2004 பிராட்பேண்ட் கொள்கை: குறைந்தது 256 கேபிபிஎஸ்.
2013: 512 கேபிபிஎஸ்.
2016: டேட்டா வரம்பு தீர்ந்த பிறகும் கம்பி வழி இணைப்பின் வேகம் 512 கேபிபிஎஸ்-க்குக் கீழே இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு.
2018 தேசிய டிஜிட்டல் தகவல் தொடர்புக் கொள்கை: 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ்.
2023 ஜனவரி: புதிய வரையறை 2 எம்பிபிஎஸ். கொள்கை வாக்களித்த வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இழையில் இடம் இருக்கிறது

மாலையில் வேகம் ஏன் விழுகிறது? இதற்கான விடை பலரும் நினைப்பது போல் வீட்டு வாசலில் தொங்கும் கம்பியில் இல்லை. தெருவுக்கு வரும் ஒரு கண்ணாடி இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். ஜிபான் எனப்படும் இந்தப் பரவலான தொழில்நுட்பத்தில் அந்த இழை நொடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் வரை இறக்கித் தரும். 64 வீட்டிலும் ஒரே நொடியில் 30 எம்பிபிஎஸ் முழுவதையும் இழுத்தால்கூட 1.92 ஜிகாபிட்தான் ஆகும். இழையில் இடம் மிச்சம் இருக்கிறது. நெருக்கடி அதற்கு அப்பால், சேவை தருபவர் ஊருக்கு வெளியிலிருந்து வாங்கிவரும் மொத்த அலைவரிசையில்தான். எத்தனை வாடிக்கையாளருக்கு எவ்வளவு வாங்குவது என்பது ஒரு வியாபார முடிவு.

அந்த முடிவுக்கு ஓர் எல்லை போட டிராய் 2009-இல் முயன்றது. வீட்டு இணைப்புகளில் ஒரே அலைவரிசையை அதிகபட்சம் 50 பேர் பகிரலாம், வணிக இணைப்புகளில் 30 பேர் என்று வழிகாட்டியது. 50 பேரும் ஒரே நேரத்தில் வந்தால் 30 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒருவருக்குக் கிடைப்பது 0.6 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்பதே பகிர்வின் அடிப்படை, அதில் தவறில்லை. மின்சாரம், தண்ணீர், ரயில் எல்லாமே அப்படித்தான் திட்டமிடப்படுகின்றன. ஆனால் 2009-இல் இணையம் என்றால் மின்னஞ்சல் பார்ப்பது, ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பது. பக்கம் திறந்ததும் இணைப்பு ஓய்ந்திருக்கும். இன்று மாலை ஏழு முதல் பத்து வரை ஊரே வீடியோவில் இருக்கிறது, விடாமல் ஓடும் வீடியோ. வைகாசி கருடசேவை நாளில் சின்ன காஞ்சிபுரத்துத் தெருவில் நடப்பவருக்கு, தெரு நாற்பது அடி அகலம் என்று பலகை வைத்துச் சொல்வதில் என்ன பயன்? 30 எம்பிபிஎஸ் என்ற விளம்பரம் சொல்வதும் தெருவின் அகலத்தைத்தான். 2023-இன் வரையறைப்படி 2 எம்பிபிஎஸ் இல்லாதது பிராட்பேண்டே இல்லை. பழைய பகிர்வுக் கணக்கு அனுமதிக்கும் 0.6 அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. இரண்டும் ஒரே நாட்டின் விதிகள்.

அளக்கும் முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. 2006-இல் வந்து 2024 வரை நடைமுறையில் இருந்த பிராட்பேண்ட் சேவைத் தர விதிகள், வாக்களித்த வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றன. ஆனால் அளக்க வேண்டியிருந்தது சேவை தருபவரின் முனையத்திலிருந்து வீடு வரை மட்டும். அந்தத் தூரத்தில் இழை எப்போதும் நன்றாகத்தான் ஓடும். வாடிக்கையாளருக்கு வேண்டிய வகுப்பும் வங்கியும் முனையத்துக்கு அப்பால் இருக்கின்றன. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 30 காட்டுகிறது, வீடியோ சுற்றுகிறது என்று வீடுதோறும் கேட்கும் புகாருக்கு இதுவே ஒரு முக்கியக் காரணம்.

யாருக்கு என்ன போகிறது?

பாதிப்பை முதலில் படிப்பில் பார்க்கலாம். கொரோனா காலத்தில் கல்லூரி வகுப்புகள் இணையத்தில் நடந்தபோது, தமிழக அரசு 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தந்தது. இணையம் என்பது புத்தகம், பஸ் பாஸ் போலப் படிப்புக்கான தேவை என்று அரசே ஏற்ற தருணம் அது. நாலு மாதத்தில் உதவி முடிந்தது, தேவை முடியவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பாடங்கள் பல இணையத்தில்தான் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்வு இணையத்தில், உதவித்தொகை விண்ணப்பம் இணையத்தில், நுழைவுத்தேர்வுப் பயிற்சி இணையத்தில். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் லேப்டாப் ஒருமுறைச் செலவு, இணைப்பு மாதாமாதச் செலவு. முதலாவதை அரசு ஏற்று இரண்டாவதை வீட்டின் தலையில் விட்டால், ஏனாத்தூர்க் கல்லூரியில் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு அது பாடசாலை, மற்றவருக்குப் பெட்டிக்குள் இருக்கும் பொருள். இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில் தீர்ப்பளித்தது. விடுதியில் செல்போன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியதை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கு அது. உரிமை என்று ஏற்ற பிறகு, அது எட்டு மணிக்கு வேலை செய்கிறதா என்று கேட்பதும் அந்த உரிமைக்குள் வருகிறது.

தறியின் பக்கம் வருவோம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. விசைத்தறிச் சேலையையும் கலப்படப் பட்டையும் காஞ்சிப் பட்டு என்று விற்பது நிற்கவில்லை. அசலைத் தேடும் வாடிக்கையாளர் இன்று தறி ஓடுவதையே வீடியோவில் காட்டச் சொல்கிறார். இடையில் இருப்பவரைத் தாண்டி, நெய்தவரே நேராக விற்க இணையம் திறந்த வழி இது. பிள்ளையார்பாளையத்திலோ ஐயம்பேட்டையிலோ குழித்தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வழி எந்த வேகத்தில் திறக்கும்? வீடியோவில் காட்டுவதற்கு வேண்டியது ஏற்றும் வேகம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் நிற்பது பெரும்பாலும் இறக்கும் வேகம் மட்டும். டிசைன் கம்ப்யூட்டரில் உருவாகி ஃபைலாக வருகிறது, ஆர்டரும் பணமும் போனில் வருகின்றன. இணைப்பு திடமாக இருக்கும் பெரிய கடைக்கு இதெல்லாம் வசதி. இணைப்பு விட்டுவிட்டு வரும் வீட்டு நெசவாளி மறுபடி இடையில் இருக்கும் மாஸ்டர் வீவரிடமே போய் நிற்கிறார். சரியான இணைப்பு கைத்தறியின் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடும் என்று சொல்லவில்லை. பட்டு நூல் விலையும் ஜரிகை விலையும் கூலியும்தான் அந்தத் தொழிலின் முதல் கேள்விகள். ஆனால் பேரம் பேசும் பலத்தை நெசவாளிக்குக் கொஞ்சமாவது கூட்டித் தரக்கூடிய கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், தரமின்மையால் பயன்படாமல் போவது சின்ன இழப்பு இல்லை.

அடுத்தது பழுது. சாலை தோண்டினால் இழை அறுகிறது, லாரி உரசினால் அறுகிறது. தேரோடும் ஊர்களில் திருவிழாவுக்கு மேலே தொங்கும் கம்பிகளை அவிழ்த்து விலக்க வேண்டியிருக்கிறது. மோடத்தில் சிவப்பு லைட் எரிந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. தோண்டுமுன் தகவல் தர ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் கொண்டுவந்தது. உள்ளாட்சியின் ஒப்பந்ததாரர்கள் அதைக் கட்டாயமாகப் பயன்படுத்த வைத்தால் பாதிப் பழுது குறையும். மீதிப் பாதிக்கு இழப்பீடு வேண்டும். டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிகள், மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் கட்டணக் கழிவு, கம்பி வழி இணைப்பின் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் கழிவு என்கின்றன. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் மூன்று நாள் என்பது தரைவழித் தொலைபேசிக் காலத்துப் பொறுமை. தேர்வு எழுதும் பிள்ளைக்கு மூன்று மணி நேரமே அதிகம். கழிவுத் தொகையோ மாதம் 471 ரூபாயில் நாளுக்கு 16 ரூபாய்கூட வராது.

இங்கே உள்ளூர் கேபிள்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறு ஊர்களில் இணையத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பெரும்பாலும் அவர்தான். வீடு தெரியும், கம்பம் தெரியும். கால் சென்டரில் பதிவெண் வாங்கிக் காத்திருக்கும் நேரத்தில் அவர் ஏணியோடு வந்து நின்றுவிடுவார். பழுது நீக்குவதில் பெரிய கம்பெனிகள் அவரிடம் கற்க வேண்டியது நிறைய. ஆனால் பல இடங்களில் ரசீது கிடையாது. ரசீது இல்லாதபோது கழிவும் இல்லை, புகாரும் இல்லை, எத்தனை எம்பிபிஎஸ் வாக்களித்தார் என்பதற்குச் சான்றும் இல்லை. மாலை நேர அலைவரிசையும் அவருக்கு மேலே இருப்பவர் கொடுப்பதுதான். அவரை ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும், ஒழித்துவிடக் கூடாது.

— பெட்டிச் செய்தி: உங்கள் இணைப்பு சரியில்லையா? —
கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். திட்டத்தின் பெயரும் வேகமும் அதில் இருக்கட்டும். மோடத்தில் கேபிள் செருகி, இரவு எட்டு மணியளவில் வேகத்தைச் சோதித்துத் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்த அளவைச் சுவர்மேல் பழிபோட்டு மறுத்துவிடுவார்கள். புகார் பதிவெண் இல்லாமல் அழைப்பை முடிக்காதீர்கள். தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. தொலைத்தொடர்புச் சேவைப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

‘இந்த விலைக்கு இவ்வளவுதான்’

கம்பெனிகள் தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். 400 ரூபாய்க்கு உத்தரவாதமான வேகம் தர முடியாது, அப்படித் தரும் தனி இணைப்பின் விலை பல மடங்கு, தரத்தைக் கட்டாயமாக்கினால் விலை ஏறும், கடைசியில் பாதிக்கப்படுவது நீங்கள் பரிந்து பேசும் ஏழைதான் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. ஒவ்வொரு நொடியும் 30 எம்பிபிஎஸ் தா என்று யாரும் கேட்கவில்லை. மாலையில் கிடைக்கும் வேகம் எவ்வளவோ, அதை விற்கும்போதே சொல் என்பதுதான் கோரிக்கை. அதற்கு ஆகும் செலவு அச்சு மை.

பிரிட்டனில் இது நடந்திருக்கிறது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே ஒரு கம்பெனி வேகத்தை விளம்பரம் செய்தால், இரவு எட்டு மணி முதல் பத்து வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்காவது அந்த வேகம் கிடைக்க வேண்டும். அதற்கு முன் பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதும் என்றிருந்தது. பழுதுக்கும் அங்கே வழி செய்தார்கள். 2019 ஏப்ரல் முதல், இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்கள் இரண்டு முழு வேலை நாளுக்குள் பழுதைச் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 8 பவுண்டு வீதம், வாடிக்கையாளர் கேட்காமலேயே கணக்கில் வரவு வைத்தன. அமெரிக்காவில் 2024 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்கள் மாதக் கட்டணம், இதர கட்டணம், வழக்கமாகக் கிடைக்கும் ஏற்றும் இறக்கும் வேகம், தாமதம் எல்லாவற்றையும் உணவுப் பொட்டலத்தில் இருப்பது போன்ற ஒரே மாதிரிச் சீட்டில் தர வேண்டும். இதனால் அந்த நாடுகளில் சேவை தரும் நிறுவனங்கள் மூடிவிடவில்லை.

பிரிட்டன் வசதியான நாடு, நமக்கு ஒத்துவருமா என்றால், தொழில்நுட்பத்தில் இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு வீட்டு மோடம் எந்த நிமிடத்தில் தொடர்பு இழந்தது, எந்த நிமிடத்தில் திரும்ப வந்தது என்பது சேவை தருபவரின் கருவியில் பதிவாகிவிடுகிறது. வாடிக்கையாளர் புகார் எழுதி நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. பதிவை வைத்துக் கழிவைத் தானாகவே கணக்கிட்டு அடுத்த மாதப் பில்லில் கழிக்கலாம். மாலை நேர வேகத்தை மாவட்டவாரியாக, முடிந்தால் பின்கோடுவாரியாக வெளியிடலாம். தமிழ்நாட்டுச் சராசரி என்று ஓர் எண் வெளியாகும்போது சென்னை அண்ணா நகரின் வேகம் ஏனாத்தூரின் குறையை மூடிவிடுகிறது. எந்தத் தெருவில் யார் நன்றாகத் தருகிறார்கள் என்று தெரிந்தால் போட்டி தானாக வேலை செய்யும். விலையில் மட்டும் போட்டி இருந்து தரம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் சந்தையில், அலைவரிசையைக் குறைத்து வாங்குபவர்தான் ஜெயிப்பார். நல்ல சேவை தர நினைக்கும் நிறுவனத்துக்கும் இது அநியாயம்.

அரசின் இழை எங்கே?

அரசு நேரடியாக இறங்குவதில் அண்டை மாநிலங்கள் முந்திக்கொண்டன. ஆந்திரம் 2017 டிசம்பரில் மாதம் 149 ரூபாய்க்கு இணையம், டிவி, தொலைபேசி மூன்றையும் சேர்த்துத் தரும் ஃபைபர்நெட்டைத் தொடங்கியது. கேரளத்தின் கே-ஃபோன் 2023 ஜூன் 5-இல் தொடங்கியபோது அடிப்படைத் திட்டம் 20 எம்பிபிஎஸ்-க்கு 299 ரூபாய். ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவசம் என்பது அதன் இலக்கு. மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்த ஊராட்சி ஃபைபர் திட்டம், இரண்டே ஆண்டில் முடியும் என்று தொடங்கி, 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாறி, 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டமாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இதைச் செய்வது தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம், அதாவது டான்ஃபிநெட். 12,525 ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் என்பது இலக்கு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் 274 ஊராட்சிகளும் இதில் அடக்கம்.

அரசு நடத்தினால் உருப்படாது என்பவர்களுக்குப் பதினான்கு ஆண்டு பாரத்நெட் கதை நல்ல ஆதாரம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கதையில் பெருந்தவறு இழை போட்டதில் இல்லை, போட்டபின் பராமரிக்காமல் விட்டதில். ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நின்ற இடங்கள் எத்தனையோ. திருத்திய திட்டத்தில் பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் போடுவது அந்தப் பாடத்தைக் கற்றதன் அடையாளம். டான்ஃபிநெட் ஒவ்வொரு வீட்டுக்கும் தானே இணைப்புக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. ஊராட்சி முனையத்திலிருந்து மொத்த அலைவரிசையை உள்ளூர் கேபிள்காரர்களுக்கு நியாய விலையில், மாலை நேர வேகத்துக்கு எழுத்துபூர்வ உறுதியோடு கொடுத்தால் போதும். நெரிசல் இருப்பது அந்த மொத்த அலைவரிசையில்தான் என்று மேலே பார்த்தோம். ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் தனியார் கம்பெனிகளுக்கு இப்படி ஒரு போட்டி வந்தால், விலையும் தரமும் சேர்ந்தே நகரும்.

எஞ்சியிருப்பது கட்டணத்தைக் கட்ட முடியாத வீடு. இதற்கும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. டிராய் 2021 ஆகஸ்ட் 31-இல் தந்த பரிந்துரைகளில், கிராமப்புற வீடுகளின் கம்பி வழி இணையக் கட்டணத்தில் பாதியை, மாதம் 200 ரூபாய்க்கு மிகாமல், நேரடியாக வாடிக்கையாளர் கணக்கில் திருப்பித் தரும் முன்னோட்டத் திட்டம் ஒன்று இருக்கிறது. யாருக்குத் தருவது என்று பட்டியல் தேடி அலைய வேண்டாம். காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. கிராமப்புறம் என்ற வரம்பு மட்டும் பிள்ளையார்பாளையத்தைப் போல மாநகராட்சிக்குள் இருக்கும் நெசவாளர் தெருக்களை வெளியே தள்ளிவிடும், அதைத் தளர்த்த வேண்டும். இந்த 200 ரூபாய் கிடைத்தால் 471 ரூபாய் இணைப்பு 271 ரூபாய்க்கு வரும். மாதம் 15,000 சம்பாதிக்கும் நெசவாளர் வீட்டில் அது வருமானத்தில் 1.8 சதவீதம், ஐ.நா. ஆணையத்தின் வரம்புக்குள். 5,000 ரூபாய் வீட்டுக்கு அதுவும் 5 சதவீதத்தைத் தாண்டுவதால், அவர்களுக்குக் கேரளத்தைப் போல முழுதும் இலவசமாகவே தர வேண்டும். உதவித்தொகை பெறும் ஒவ்வோர் இணைப்பும் மாலை நேர வேகத்துக்கும் தானியங்கிக் கழிவுக்கும் கட்டுப்பட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதினால், அரசுப் பணம் மோசமான சேவைக்குப் போகாது. மாநில அரசு வரும் பட்ஜெட்டிலேயே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இதைத் தொடங்க வேண்டும்.